கலைமானுக்கு வயதாகும்போது

வட அமெரிக்க வேட்டைக்காரர்கள் வெண்வால் மானின் வயதை அரையில்தான் சொல்வார்கள்: ஒன்றரை, மூன்றரை, ஐந்தரை. குட்டிகள் பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. துப்பாக்கியோடு காட்டுக்குள் போகும் காலம் நவம்பரை ஒட்டியது. மனிதன் அந்த மானின் வயதைக் கேட்கும் நாளில் அதற்கு எப்போதும் சில ஆண்டுகளும் ஒரு பாதியும் ஆகியிருக்கும். பிறந்த நாளை விட்டுவிட்டு, சாகக்கூடிய நாளை வைத்து வயதைக் கணக்கிடும் வழக்கம் இது.

அந்தக் கணக்கை ஒரே கலைமானுக்கு, அதாவது ஒரே ஆண் மானுக்கு, ஆண்டுக்கு ஆண்டு போட்டுக்கொண்டு வருபவர்கள் இன்று பல்லாயிரம் பேர். சொந்த நிலத்திலோ குத்தகைக்கு எடுத்த வேட்டை நிலத்திலோ ஒரு குறிப்பிட்ட ஆண் மானைக் குட்டிப் பருவம் முதல் பார்த்து, அடையாளம் வைத்து, சுட வாய்த்த பல தடவைகளிலும் சுடாமல் விட்டு, அது மூப்பதைக் காண்கிறார்கள். இப்படிக் கண்டு பழகியது அதைக் கொல்லும் உரிமையைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா, அல்லது இருந்தபடியே விட்டுவிடுகிறதா என்பது வேட்டைக்காரர்களையே பிரித்து நிறுத்தும் கேள்வி. மெய்யியலும் சமயங்களும் இதற்கு அருகில் பலமுறை வந்து போயிருக்கின்றன.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வி எழவே வாய்ப்பில்லை. இறைச்சிச் சந்தைக்கும் தோலுக்கும் நடந்த கட்டற்ற வேட்டையில் அமெரிக்காவின் வெண்வால் மான்கள் 1900 வாக்கில் 3 முதல் 5 லட்சமாகச் சுருங்கிவிட்டன என்று மதிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டு வந்த லேசி சட்டம், சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதைத் தடுத்தது. 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர் மீட்புக்குத் திருப்பியது. இன்று அந்த மான்கள் ஏறத்தாழ 3 கோடி. ஆனால் மந்தை பெருகியும் கலைகளின் வயது கூடவில்லை. பெண் மானைத் தொடக்கூடாது, கொம்பு வைத்த எதையும் சுடலாம் என்பதே நெடுங்காலம் அங்கே வேட்டை அறமாக இருந்தது. 1980களின் இறுதியில்கூட, சுடப்பட்ட கொம்புள்ள ஆண்களில் பாதிக்கு மேல் ஒன்றரை வயதானவை. கலைக்கு முதல் கொம்பு முளைத்த ஆண்டே கடைசி ஆண்டாக இருந்தது.

மாற்றம் தெற்கு டெக்சாஸிலிருந்து வந்தது. ஆல் பிரதர்ஸ், மர்ஃபி ரே என்ற இரு காட்டுயிரியலாளர்கள் 1975இல் வெளியிட்ட நூல், இளங்கலைகளை விட்டுவிட்டுப் பெண் மான்களைத் தேவையான அளவு குறைத்தால் மந்தையும் நிலமும் சீராகும் என்று வாதிட்டது. 1988இல் தென் கரோலினாவில் ஜோ ஹாமில்டன் இதே கருத்துக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று சுடப்படும் கலைகளில் ஒன்றரை வயதானவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு பேர் கைவிரலைத் துப்பாக்கி விசையிலிருந்து எடுத்தது சின்ன விஷயமல்ல. அவர்களில் பெரும்பாலோர் அதைக் கருணையால் செய்யவில்லை, பெரிய கொம்புக்காகக் காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் காத்திருப்பவன் வேறு எதையும் காணாமல் இருக்க முடியாது.

அவன் காண்பது இது. ஒன்றரை வயதில் கலைக்குக் கால்கள் உடம்புக்கு மிஞ்சி நீண்டிருக்கும், கழுத்து மெலிவு, கொம்பை மறைத்துவிட்டுப் பார்த்தால் பெண் மான்தான். அந்த வயதில்தான் அது தாயிருக்கும் இடத்தை விட்டுப் பல மைல் தள்ளிப் போய்ப் புது இடம் பிடிக்கிறது. மூன்றரையில் பந்தயக் குதிரையின் வாகு வந்துவிடும்: நெஞ்சு ஆழ்ந்து, வயிறு ஒட்டி, இணைசேரும் பருவத்தில் கழுத்து புடைத்திருக்கும். ஐந்தரையில் கழுத்து எங்கே முடிகிறது, நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வயிறு தொங்கி, முதுகு லேசாகக் குழிந்து, உடம்பு கனத்ததாலேயே கால்கள் குட்டையாகத் தோன்றும். ஏழரை, எட்டரை தாண்டினால் தாடைக்குக் கீழே தோல் தளர்கிறது, இடுப்பெலும்பு துருத்துகிறது, கண்கள் இடுங்கினாற்போல் ஒரு பார்வை. வயதான மனிதர் வேட்டி நழுவாமல் பிடித்துக்கொண்டு நடப்பது போல, தன் உடம்பைத் தானே சுமக்கும் நடை.

கொம்பும் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. வசந்தத்தில் முளைத்து, வெல்வெட் போன்ற மெல்லிய ரோமத் தோல் போர்த்து, உள்ளே ரத்தம் ஓட, கோடை முழுதும் வளர்கிறது. பாலூட்டிகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் திசு வேறு அதிகமில்லை. தின்னும் இலைதழையில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து போதாமல், மான் தன் விலா எலும்புகளிலிருந்தே கடன் வாங்கிக் கொம்புக்குக் கொடுக்கும். செப்டம்பரில் தோலை உரித்துவிட்டு மரங்களில் உரசித் தீட்டும். குளிர்காலம் முடிவதற்குள் கொம்பு விழுந்துவிடும். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் உச்சத்துக்கு வரும் கொம்பு, அதன்பின் கிளைகள் குட்டையாகி, ஒழுங்கு கெட்டு, ஒருபக்கம் கோணி, ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. முன்பே விழுந்த கொம்புகளைப் பொறுக்கி வைத்திருப்பவரின் வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு ஜோடிகள் வரிசையாகக் கிடந்தால், அது ஓர் உயிரின் ஏற்றமும் இறக்கமும் எலும்பில் எழுதியது போல.

முன்பெல்லாம் ஒரு கலையை ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை கண்டாலே அதிகம். மரத்தில் கட்டிய பரணில் விடியலுக்கு முன் ஏறி உட்கார்ந்தவருக்குத்தான் அது வாய்த்தது. மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கி கேமராக்கள் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. நள்ளிரவில் குட்டையில் தண்ணீர் குடிப்பது, இடது காதின் கிழிசல், நவம்பர் சண்டைக்குப் பிறகான நொண்டல், எல்லாம் சாம்பல் நிறப் படங்களாகக் கைப்பேசிக்கு வருகின்றன. பார்த்துப் பார்த்து அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுகிறார்கள். கேள்வி உண்மையில் பிறப்பது இந்தப் பெயரில்தான். பெயரில்லாத மான் ஓர் இனத்தின் ஒரு துண்டு. பெயர் வைத்த மான் ஓர் ஆள்.

மெய்யியலில் இந்த இரண்டு பார்வைக்கும் வழக்கறிஞர்கள் உண்டு. டாம் ரீகன் 1983இல் எழுதிய விலங்குரிமை நூலில், விருப்பமும் நினைவும் தன் வாழ்வு நன்றாக நடக்கிறதா கெடுகிறதா என்ற அனுபவமும் உள்ள ஒவ்வொரு உயிரும் தனக்கென்று ஒரு மதிப்புடையது, அதை வேறொன்றின் நன்மைக்காகச் செலவிட முடியாது என்றார். அந்த அளவுகோலில் வேட்டை எந்த வடிவிலும் நிற்காது. மான் மூத்ததா இளையதா, பெயருள்ளதா இல்லாததா என்பது பொருட்டே அல்ல. எதிர்ப்பக்கம் அமெரிக்கக் காட்டுயிரியலாளர் ஆல்டோ லியோபோல்ட். அவர் இறந்த மறு ஆண்டு, 1949இல், வெளியான கட்டுரைத் தொகுப்பு, மண், நீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்த நிலச் சமூகத்தின் நலனையே அறத்தின் அளவாக வைத்தது. அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் ஓநாய்களையும் மலைச் சிங்கங்களையும் ஒழித்தபின், 1920களில் மான்கள் மிதமிஞ்சிப் பெருகி, தின்ன எதுவுமின்றிக் கூட்டமாகச் செத்தது அவர் தலைமுறைக்கு மறக்க முடியாத பாடம். செத்தவை எத்தனை என்ற எண்களில் பின்னாளில் சர்ச்சை உண்டு. பசியால் மான்கள் செத்ததில் சர்ச்சை இல்லை.

லியோபோல்டின் பார்வையில் மந்தையைக் குறைப்பது கடமையாகக்கூட ஆகலாம். ஆனால் அது எந்த மானைக் குறைப்பது என்று சொல்வதில்லை. நிலத்துக்குப் பாரம் குறைய வேண்டுமென்றால் குட்டி ஈனும் பெண் மான்களைச் சுடுவதே வழி. ஒரு முதிய கலையின் சாவால் மந்தையின் எண்ணிக்கையில் எதுவும் மாறாது. ஆகவே ஐந்தரை வயதுக் கலையைச் சுடுபவர் சூழலியலைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. இதற்கு ஒரே விலக்கு, மூளையைச் சல்லடையாக்கி மானைக் கொல்லும் தீராத நலிவு நோய். 1967இல் கொலராடோவில் முதலில் காணப்பட்ட இந்த நோய்க்கு மருந்தில்லை. முதிர்ந்த ஆண்களிடம் அது கூடுதலாக இருப்பதால், நோய் பரவிய இடங்களில் கலைகளை மூப்படைய விடாதீர்கள் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். மூப்பைப் போற்றக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறைக்கு இதைவிடக் கடினமான செய்தி இருக்க முடியாது.

வேட்டைக்காரர்கள் அதிகம் சொல்லும் நியாயம் இன்னொன்று: குண்டு கருணையானது. இதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது, ஏனென்றால் காட்டு விலங்கின் கிழப்பருவம் உண்மையிலேயே கொடியது. மானுக்கு 32 பற்கள். மேல் தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பல் கிடையாது. சுள்ளியையும் ஓக் விதைகளையும் அரைத்து அரைத்து, கடைவாய்ப் பற்கள் ஆண்டுதோறும் தேய்கின்றன. கூர்முனைகள் மழுங்கி, வெள்ளை எனாமலுக்கு நடுவே பல்லின் உட்பகுதியான பழுப்புத் தந்தினி அகன்று, கடைசியில் பல் ஈறோடு ஈறாகக் கிண்ணம்போல் குழிந்துவிடும். அரைக்க முடியாத தீவனம் வயிற்றில் கிடந்தும் பசி ஆறாது. இணைசேரும் பருவத்தில் ஓய்வும் தீனியும் மறந்து அலையும் கலை தன் எடையில் நான்கில் ஒரு பங்கை இழப்பதுண்டு. இளமையில் அதை ஈடுகட்டிவிடும், கிழப்பருவத்தில் முடியாது. சண்டையில் தலையில் பட்ட காயம் சீழ் வைத்து மூளைக்குள் இறங்குவதும் ஆண்களின் சாவுக் காரணங்களில் ஒன்று. பிப்ரவரிப் பனியில் படுத்த இடத்திலிருந்து எழ முடியாத கலையின் உயிர் போகும்வரை கொயோட்டி என்ற காட்டுநாய்கள் காத்திருப்பதில்லை.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த நியாயம் எந்த மானைச் சுடச் சொல்கிறது என்று கேட்டால்தான் அதன் ஓட்டை தெரியும். கருணைதான் காரணமென்றால் குண்டு பல் தேய்ந்த பத்தரை வயதுக் கிழத்துக்குப் போக வேண்டும். நடைமுறையில் அது கொம்பின் உச்சத்தில் நிற்கும் ஐந்தரை, ஆறரை வயதுக் கலைக்குத்தான் போகிறது. எலும்பு துருத்தி, கொம்பு கோணிப்போனதைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நல்ல காலம் இன்னும் பல ஆண்டு மிச்சமிருக்கும் உயிரை எடுத்துவிட்டு, அது ஒருநாள் படவிருந்த துன்பத்தைக் காரணம் சொல்வது பொருந்தாது. ஆஸ்திரியாவின் பல மாநிலங்களில் செந்நிற மான் வேட்டைக்கு இருக்கும் விதி இந்த விஷயத்தில் நேர்மையானது: ஐந்து முதல் ஒன்பது வயதுக் கலைகளுக்குப் பாதுகாப்பு, பத்தைத் தொட்டபின்தான் அவை முதல் வகுப்பு வேட்டை. அங்கே மூப்பு என்பது கொம்பின் உச்சத்துக்கு இன்னொரு பெயரல்ல.

கிழப்பருவம் வெறும் துன்பம்தான் என்பதும் முழு உண்மை இல்லை. ஸ்காட்லாந்தின் ரம் தீவு 19ஆம் நூற்றாண்டில் பணக்காரர்களின் வேட்டைத் தோட்டமாக இருந்தது. அங்கே 1953 முதல் செந்நிற மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பின்தொடர்கிறார்கள். வடபகுதியில் 1970களின் தொடக்கத்திலிருந்து சுடுவதும் நின்றுவிட்டது. கலைகள் ஏழு முதல் பத்து வயது வரை பெண்கூட்டத்தை வைத்திருக்கின்றன. பிறகு போட்டியிலிருந்து விலகுகின்றன. விலகியபின்னும் மேய்கின்றன, அசை போடுகின்றன, வெயில் படும் சரிவைத் தேடிப் படுக்கின்றன. இந்த ஆண்டுகளை வீணென்று சொல்ல, பார்ப்பவருக்கு எந்தத் தகுதியும் இல்லை.

சமயங்கள் இந்தக் கேள்வியை வேறு வழியில் தொட்டிருக்கின்றன. ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் காவல் புனிதர் ஹூபர்ட். லீயேஜ் நகர ஆயராக இருந்து 727இல் இறந்தவர். திருநாள் நவம்பர் 3, வேட்டைப் பருவத்தின் நடுவில். புனித வெள்ளியன்று வேட்டைக்குப் போனவர் முன் ஒரு கலை திரும்பி நின்றது, கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிர்ந்தது என்பது கதை. இது முதலில் யூஸ்டேஸ் என்ற ரோமானியப் படைத்தலைவரைப் பற்றியது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் ஹூபர்ட் பெயரில் ஒட்டிக்கொண்டது. ஓடும் விலங்கு திரும்பி நின்று வேட்டையாடுபவனைப் பார்க்கிறது என்பதே இதன் உயிர்நாடி. துரத்துபவன் பார்க்கப்படுபவன் ஆகிவிடுகிறான். ஆனால் அந்தக் கதைக்குப் பிறகு வேட்டை நிற்கவில்லை. மத்திய ஐரோப்பாவில் விழுந்த மானின் வாயில் ஒரு பசுங்கிளையைக் கடைசிக் கவளமாக வைத்து, தொப்பியைக் கழற்றி நிற்கிறார்கள்.

யூத மரபில் மான் உண்ணத்தக்க விலங்கு. எனினும் அதை முறைப்படி கத்தியால் அறுக்க வேண்டும், சுட்டது ஆகாது. 18ஆம் நூற்றாண்டில் பிராகா நகர ரபி யெகெஸ்கெல் லாண்டாவிடம், காடுகளும் கிராமங்களும் சொந்தமாக உள்ள ஒருவர் தன் காட்டில் வேட்டையாடலாமா என்று கேள்வி வந்தது. திருமறையில் வேட்டைக்காரர்களாக வருபவர்கள் நிம்ரோதும் ஏசாவும்தான், அது நம் முன்னோர் வழியல்ல என்று அவர் மறுத்தார். நிலம் கேட்டவருடையதே; ஆனாலும் விடை மாறவில்லை.

கனடாவின் கிரீ மக்களிடம் நிலைமை தலைகீழ். மரியாதை காட்டும் வேட்டைக்காரனிடம் விலங்கு தானே தன்னைக் கொடுக்கிறது. எலும்புகளை நாய்க்குப் போடாமல் பேண வேண்டும். கொடுத்ததை மறுப்பது அவமதிப்பு. அங்கே கொல்வது ஒரு கொடுக்கல் வாங்கலின் நடு. கொம்பின் அங்குலத்தை ஆண்டுதோறும் அளந்து, பழுக்கட்டும் என்று தள்ளிப்போடுவதற்கு இந்த நம்பிக்கையில் இடமில்லை. தானே வருவதை வாங்கிக்கொள்பவன் நாள் குறிக்க மாட்டான்.

இந்தியக் கதைகளில் மூன்று இந்தக் கேள்விக்கு மிக நெருங்கியவை. மகாபாரதத்தில் பாண்டு, இணைசேர்ந்திருந்த மான் வடிவில் இருந்த கிந்தம முனிவரை அம்பெய்து சாபம் வாங்குகிறான். முனிவர் குறை சொல்வது மானைக் கொன்றதற்காக அல்ல. அரசர்கள் வேட்டையாடுவார்கள் என்ற பாண்டுவின் வாதத்தை அவர் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் கொன்றதே குற்றம். வெண்வால் மான் வேட்டையின் உச்சம் சரியாக அந்த நேரத்தில்தான் விழுகிறது. ஆறேழு ஆண்டு எந்தப் பரணுக்கும் சிக்காத கலை, நவம்பரில் பெண் மானின் வாசனையை மோப்பம் பிடித்துத் தலை குனிந்தபடி பட்டப்பகலில் திறந்தவெளியைக் கடக்கும். முதிய கலைகளில் பல சுடப்படுவது அந்த ஒரு மறதியில்தான்.

பாகவதத்தின் ஐந்தாம் கந்தத்தில் வரும் பரதன் அரசைத் துறந்து கண்டகி ஆற்றங்கரையில் தவமிருப்பவன். சிங்கத்தின் முழக்கத்துக்கு மிரண்டு ஆற்றைத் தாண்டிய சினைமான் நீரில் ஈன்றுவிட்டுச் செத்துப்போக, குட்டியை எடுத்து வளர்க்கிறான். பாசம் தவத்தை விழுங்குகிறது. மானை நினைத்தபடியே உயிர்விட்டு மானாகப் பிறக்கிறான். பற்று கூடாதென்று படிக்கப்படும் கதை இது. ஆனால் ஒரு மானைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் மெல்ல மெல்ல அதன் பக்கம் போய்விடுவான் என்ற அறிவும் இதற்குள் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எங்கே நிழல், எங்கே ஓக் விதை விழுந்திருக்கும் என்று மானைப்போல் யோசிக்கப் பழகிய வேட்டைக்காரருக்கு அது புதிதல்ல.

மூன்றாவது நிக்ரோதமிக ஜாதகம். காசியரசன் வேட்டைக்காக மான்களை ஒரு தோட்டத்தில் அடைக்கிறான். இரு மந்தைத் தலைவர்களின் பொன்னிற அழகைக் கண்டு அவற்றுக்கு மட்டும் அபயம் தருகிறான். மற்றவை முறைவைத்துத் தலை கொடுக்கின்றன. ஒருநாள் முறை ஒரு சினைமானுக்கு வருகிறது. அபயம் பெற்ற நிக்ரோதமான் அதற்குப் பதிலாகத் தன் கழுத்தை வெட்டுக்கட்டையில் வைக்கிறது. அரசன் இருவருக்கும் உயிர்ப்பிச்சை தந்தபோது அது கேட்பது: மற்ற மான்களுக்கு? பிறகு: மற்ற விலங்குகளுக்கு? பறவைகளுக்கு? மீன்களுக்கு?

வேட்டை நிலத்தின் பெயருள்ள கலையும் அழகுக்காக அபயம் பெற்றதுதான். அதே பரணிலிருந்து, அதே வாரத்தில், பெயரில்லாத பெண் மான்கள் இரண்டு மூன்று விழுந்திருக்கும். அவற்றுக்காக யாரும் தயங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு கலையை அறிந்ததால் வரும் தயக்கம் மதிக்கத்தக்கது, ஆனால் பாதி வழியில் நிற்பது. அந்தக் கலையிடம் கண்டவை, வலியை நினைவில் வைப்பது, இடத்தை நேசிப்பது, ஆண்டுக்கு ஆண்டு தன் குணத்தில் உறைவது, எதுவும் பெயரோடு வந்தவையல்ல. பார்க்காத மானிடமும் அவை இருந்தன. பார்வை அவற்றை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. காத்திருந்து மூப்படைய விட்டவர், இந்த வயதே நான் கொடுத்தது என்று உணர்வது இயல்பு. ஆறு தடவை விட்டவருக்கு ஏழாவது தடவை உரிமை கூடியதுபோல் தோன்றும். இந்தக் கணக்கு தவறு. கொல்லாமல் விட்டது கொடுத்தது ஆகாது. வழியில் போகிறவரை அடிக்காமல் விட்டவருக்கு அவர் கடன்படுவதில்லை. ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்தேகா இ காசெத் 1942இல் எழுதிய வேட்டை பற்றிய முன்னுரையில், கொலை வேட்டையின் நோக்கமல்ல, வேட்டை மெய்யாக நடந்ததற்கான அடையாளம் மட்டுமே என்று வாதிட்டார். விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு இருப்பதே வேட்டையின் உயிர் என்பதும் அவர் கருத்து. அப்படியானால், ஒவ்வொரு இரவும் படம்பிடித்து நடமாட்டத்தை அட்டவணை போட்டுக் காத்திருப்பதில் வேட்டை என்று மிஞ்சுவது என்ன? இந்தக் கவலையால்தான் அரிசோனா மாநிலம் 2022 முதல் வேட்டைக்குத் தானியங்கி கேமராக்களைத் தடை செய்தது. பார்ப்பதற்குக் கேமரா நல்ல கருவி. சுடுவதற்கும் அதையே பயன்படுத்தும்போது பார்வை உளவாகிவிடுகிறது.

சிலர் அனுமதிச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டே பருவத்தைக் கழித்துவிடுகிறார்கள். அப்படி விடப்பட்ட கலையின் முடிவை அநேகமாக யாரும் காண்பதில்லை. ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு படங்களில் அது வராது. மார்ச்சில் ஓடைக்கரைப் புதரில், அல்லது எப்போதும் படுத்த தெற்குச் சரிவில், எலும்புகள் கிடைக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்காக எலிகளும் அணில்களும் கொம்பைக் கொறித்த தடம் இருக்கும். தாடையைக் கையில் எடுத்துப் பற்களின் தேய்மானத்தைப் பார்த்து எட்டரை, ஒன்பதரை என்று மதிப்பிடுவார்கள். சரியாகத் தெரிய வேண்டுமானால் முன்பல்லை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அங்கே வேரை மெல்லிய சீவலாக அறுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து, மரத்தின் வளையங்களைப் போலக் குளிர்காலத்துக்கு ஒன்றாகப் படிந்த கருங்கோடுகளை எண்ணுகிறார்கள். பல ஆண்டு கேமராவில் பார்த்து வைத்த வயது அந்தக் கோடுகளோடு ஓராண்டு, ஈராண்டு பொருந்தாமல் போவதும் உண்டு.